செயினுக்கு என்னத்தை ஊற்றுவது?

போன மாதம் சென்னை பாரீஸ் கார்னர் பக்கம் ஒரு சைக்கிள் கடையில், செயினில் படியும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டிகிரீசர் கேட்டேன். ஆரஞ்சு நிறத் திரவம், அரை லிட்டர் பாட்டில், 680 ரூபாய் என்றார்கள். என் சைக்கிளில் ஓடிக்கொண்டிருக்கும் செயினை அதே கடையில்தான் 550 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். குழந்தையை விடக் குழந்தை சோப்பு விலை ஜாஸ்தி என்றால் எப்படி? பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன். கடைப் பையனுக்கு மனசு கேட்கவில்லை. "சார், மத்ததெல்லாம் மாதிரி இல்ல, இது சேஃப் சார்" என்றான். யாருக்கு சேஃப் என்று கேட்க வாய் வரை வந்தது. அவனிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னிடம் ஒரு வருடத்துக்கும் மேலாகக் கிடக்கிறது. சைக்கிள் செயினைத் துடைப்பது பற்றி இவ்வளவு நீளமாக எழுத ஒருத்தனுக்கு என்ன வேலைவெட்டி இல்லையா என்று தோன்றினால், அது நியாயமான சந்தேகம்தான். இறக்கி வைக்காமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

தண்டையார்பேட்டையில் வீடு, ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு வேலை. 2020 லாக்டவுனுக்குப் பிறகு ஒரு பழைய கியர் சைக்கிளை விலைக்கு வாங்கி, மழை இல்லாத நாளெல்லாம் அதில்தான் போய்வருகிறேன். வடசென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்குச் செயின் அழுக்கு என்பது தனிப் பாடம். ஒரு பக்கம் காசிமேட்டிலிருந்து வரும் உப்புக்காற்று. இன்னொரு பக்கம் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புகையும் மண்ணும். 2011-ல் நீதிமன்ற உத்தரவு வந்து சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. அதற்கு முன்னால் ராயபுரம் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். இப்போது நிலக்கரி எண்ணூர் பக்கம் போய்விட்டது. தூசி மட்டும் எங்கேயும் போகவில்லை.

செயினில் சேரும் அந்தக் கருப்பை ஒரு தடவை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். முதலில் வெண்ணெய் மாதிரி வழுக்கும். அப்புறம் நறநறவென்று ஒரு உறுத்தல். வெயிலில் காட்டினால் கண்ணுக்கு மை அரைத்ததுபோல் இருக்கும் அதற்குள் பொடிப்பொடியாக மின்னும். பழைய எண்ணெய், ரோட்டு மண், செயினும் பல்சக்கரமும் தேய்ந்து உதிர்ந்த இரும்புத்தூள் எல்லாம் குழைந்த சாந்து அது. அதை வைத்துக்கொண்டு ஓட்டுவது, செயினை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே போவது மாதிரி. ஆகவே எடுத்தே ஆகவேண்டும். எதை வைத்து எடுப்பது என்பதில்தான் வில்லங்கமே.

கிருஷ்ணாயில் காலம்

எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவரை எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கடை இப்போது பாதி பஞ்சர் கடை, பாதி மொபைல் ரீசார்ஜ். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாடகை சைக்கிள் வரிசையாக நிற்கும். வருடத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு முன்னால், அப்பாவின் சைக்கிள் அங்கே 'ஓவராயிலிங்'குக்குப் போகும். ஓவர்ஹாலிங் என்ற ஆங்கில வார்த்தையை எங்கள் ஊர்க் கடைகள் ஓவராயிலிங் ஆக்கிக்கொண்டதை நான் பிழை என்றே சொல்லமாட்டேன். அங்கே நடந்தது அதுதான். ஒரு தகரத் தட்டு நிறைய நீலநிற ரேஷன் கிருஷ்ணாயில், அதாவது மண்ணெண்ணெய். அதில் பால்ஸ், கோன், ஃப்ரீவீல், செயின் எல்லாம் ஊறும். ஒரு பையன் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தேய்ப்பான். பனியன் வேஸ்ட்டில் துடைத்து, கிரீஸ் அப்பி, திரும்ப மாட்டுவார்கள். கிருஷ்ணாயிலைக் கீழே கொட்டமாட்டார் நைனா. சாயங்காலம் ஒரு பாட்டிலில் ஊற்றி மூலையில் வைப்பார். ரெண்டு நாளில் கசடு அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை மறுபடி தட்டில் ஊற்றுவார். அப்போது அது கஞ்சத்தனம் என்று நினைத்தேன்.

நானும் என் கியர் சைக்கிளுக்கு அதையேதான் செய்ய நினைத்தேன். ஆனால் கேஸ் கனெக்‌ஷன் வந்த பிறகு எங்கள் ரேஷன் அட்டைக்குக் கிருஷ்ணாயில் நின்று வருடங்கள் ஆகிவிட்டன. காசிமேட்டில் ஃபைபர் படகு ஓட்டுகிறவர்களுக்கு மானிய விலையில் கிடைக்கும். அவர்கள் இன்ஜினுக்கு வேண்டியதை என் செயினுக்குக் கேட்பது அசிங்கம். ஒரு தடவை எங்கோ சொல்லிவைத்து ஒரு பாட்டில் கிடைத்தது. அதை வைத்து நான் செய்த முதல் வேலை, பின் சக்கரத்தின் ரிம்மில் தெளித்துக்கொண்டது. மறுநாள் காலை டி.எச். ரோட்டில், அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், பிரேக் பிடித்தால் கட்டை ரிம்மில் வழுக்கிக்கொண்டே போகிறது. மீன்கூடை வைத்திருந்த ஒரு அம்மாவின் புடவைக்கு அரை அடி முன்னால் காலை ஊன்றி நிறுத்தினேன். அந்த அம்மா சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எல்லாம் எனக்குத் தகும்.

பாட்டில் தீர்ந்தது. யூடியூபில் ஒருவர் பெட்ரோல் போதும் என்றார். இரண்டு நிமிடத்தில் செயின் வெள்ளி மாதிரி ஆகிவிடுகிறது வீடியோவில். பங்க்கில் பாட்டிலில் ஊற்றித் தரமாட்டேன் என்றார்கள். அப்போதாவது ஏன் என்று யோசித்திருக்கலாம். வீட்டுக்கு வந்து பைக்கின் பெட்ரோல் டியூபைக் கழற்றி அரை லிட்டர் பிடித்துக்கொண்டேன்.

2023, கார்த்திகை தீபம்

நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. நாங்கள் இருப்பது லைன் வீடு. ஆறு குடித்தனம், நடுவில் நாலடி அகலத்தில் பொது நடை, கடைசியில் குழாய், நடையின் ஓரமாகவே ஓடும் ஜலதாரை என்கிற சாக்கடை. மாடியில் வைத்துச் செய்ய வேண்டியதை, மழை வந்துவிடும் என்று நடையிலேயே உட்கார்ந்து ஆரம்பித்தேன். பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் பெட்ரோல், அதில் செயின், கையில் பல் துலக்கிப் போட்ட பிரஷ். யூடியூப்காரர் பொய் சொல்லவில்லை. கருப்பு கரைந்து ஓடியது. ஆசை அடங்காமல் பின் சக்கரத்துப் பல்சக்கரத்தையும் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தேன். ஐந்தரை மணி வாக்கில் டப்பாவில் மீந்த கருந்தண்ணீரை ஜலதாரையில் கவிழ்த்துவிட்டுக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மூக்கு பழகிப்போயிருந்தது, வாடையே தெரியவில்லை.

எதிர்வீட்டு அக்காதான் வருடா வருடம் பொது நடையின் வாசலில் முதல் விளக்கு வைப்பார்கள். தாம்பாளத்தில் அஞ்சாறு அகல், எல்லாம் ஏற்றியது, தெருப் பக்கத்திலிருந்து நடைக்குள் வந்தார்கள். வலது காலைப் படியில் வைக்கப் போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கால் காற்றில் இருந்தது. கத்தவில்லை. விளக்கை ஊதவும் இல்லை. மூக்கு மட்டும் ஒரு தடவை விடைத்தது. எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஏழெட்டு அடி, அதில் பாதி ஈரமாக மினுமினுத்துக்கொண்டிருந்தது. காலைப் பின்னால் எடுத்து, ஒரு கையால் சுடரை மறைத்துக்கொண்டு, திரும்பாமல் பின்னாலேயே நாலு எட்டு நடந்து தெருவுக்குப் போனார்கள். எதிர்ச் சாரியில் அடகுக் கடை மூடியிருந்தது. அதன் படிக்கட்டில் தாம்பாளத்தை வைத்தார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, வாசலுக்கு வெளியிலேயே நின்றுதான் பேசினார்கள்.

"தம்பி, இன்னாத்த ஊத்தன?"

சொன்னேன்.

"எங்க வூட்டுக்காரரு இருவது வருசம் டேங்கர் லாரி ஓட்டனாரு. அவரு சட்டையத் தோய்க்க சொல்லோகூட அடுப்ப அணைச்சிட்டுதான் தொடுவேன். நீ இன்னாடான்னா வெளக்கு வெக்கிற நாளும் அதுவுமா..."

அதற்கு மேல் சொல்லவில்லை. உள்ளே போய் மற்ற ஐந்து வீட்டுக் கதவையும் தட்டி, யாரும் விளக்கு ஏற்றாதீர்கள், அடுப்பையும் கொஞ்சம் நிறுத்துங்கள் என்றார்கள். எல்லோரும் வெளியே வந்தார்கள். ஒரு பையன் கையில் மத்தாப்புப் பெட்டி வைத்திருந்தான். அதை நான் பார்த்தேன். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றினோம். இரண்டு பக்கக் கதவையும் திறந்துபோட்டோம். எட்டு மணிக்கு மேல்தான் எங்கள் நடையில் விளக்கு வந்தது. தெரு முழுக்க அகல் மின்னிக்கொண்டிருக்க எங்கள் வாசல் மட்டும் இருட்டாகக் கிடந்த அந்த இரண்டு மணி நேரம் நான் எங்கே நின்றேன், யார் முகத்தைப் பார்த்தேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான். ஒன்றும் நடக்காத ஒரு சம்பவத்தை இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். முன்னாலேயே படித்திருக்க வேண்டியது. ஒரு திரவத்தின் ஆவி, பக்கத்தில் நெருப்புக் காட்டினால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு எந்தச் சூட்டில் கிளம்புகிறதோ அதைத் தீப்பற்று நிலை என்கிறார்கள். பெட்ரோலுக்கு அது மைனஸ் 40 டிகிரி வாக்கில். அதாவது சென்னையில் எந்த நாளிலும், எந்த நேரத்திலும், திறந்து வைத்த பெட்ரோல் தயாராகவே இருக்கிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது. தரையோடு தரையாகத் தவழ்ந்து பள்ளம் பார்த்து ஓடும், ஜலதாரையில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அக்கா காலைத் தரையில் வைக்காமல் நின்றதற்கு இந்தக் கணக்கெல்லாம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. இது போக, பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்க இந்தியத் தரமே இடம் கொடுக்கிறது; ரத்தப் புற்றுநோய் வரவைக்கக்கூடிய சரக்கு அது. நான் அதை வெறுங்கையில் அளைந்துகொண்டிருந்தேன்.

மண்ணெண்ணெய் தேவலை. அது பற்ற 35, 40 டிகிரி வாக்கிலாவது சூடு வேண்டும். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் நம் மொட்டை மாடித் தரை எவ்வளவு கொதிக்கும் என்று வெறுங்காலில் வடாம் காயப்போட்டவர்களுக்குத் தெரியும். மே மாதத்து மத்தியானத்தில் மாடியில் வைத்த கிருஷ்ணாயில் தட்டும் அவ்வளவு சாது இல்லை.

எண்ணெய் என்று ஒரே பேர்

அதற்குப் பிறகு நாலைந்து மாதம் எனக்குச் சமையலறை, மளிகைக்கடை, பெயின்ட் கடை எல்லாம் ஆய்வுக்கூடம். வீட்டம்மா இதைப் பற்றிச் சொல்வது வேறு மாதிரி இருக்கும்.

சலவை சோடாவில் ஆரம்பித்தேன். முறுக்கு சுட்ட வாணலியை அது என்ன அழகாகக் கழுவுகிறது! கொதிக்கிற தண்ணீரில் இரண்டு கரண்டி போட்டு செயினை ஊறவைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் லேசாகப் பழுப்பாகியிருந்தது, செயின் அப்படியே இருந்தது. காரணம் அப்புறம்தான் உறைத்தது. எள்ளின் நெய் எண்ணெய். கடலை, தேங்காய் எல்லாவற்றிலிருந்து வருவதையும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறோம், போதாததற்கு மண்ணிலிருந்து எடுத்ததையும் மண்ணெண்ணெய் என்று சேர்த்துக்கொண்டோம். ஆனால் சோடாவுக்கு இந்த உறவுமுறை தெரியாது. கொழுப்பு எண்ணெயைப் பார்த்தால் அதைப் பிடித்துச் சோப்பாக மாற்றிவிடும். செயினில் இருப்பது பூமிக்கடியிலிருந்து வந்த எண்ணெய். அதில் சோப்பாவதற்கு ஒன்றுமே இல்லை. இந்தச் சோதனையில் நான் சம்பாதித்தது ஒன்றுதான்: பக்கத்தில் வைத்திருந்த அலுமினியப் பாகம் ஒன்று அந்தத் தண்ணீர் பட்டுப் படை வந்த தோல் மாதிரி ஆகிவிட்டது. காரம் அலுமினியத்தை அரிக்கும்.

டாய்லெட் கழுவும் ஆசிட்டை விட்டால் பளிச்சென்று ஆகும் என்று ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் வரை சேர்ந்து ஓட்டும் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அதைச் செய்யவில்லை, செய்யவும் வேண்டாம். ஆசிட் எண்ணெயைக் கரைக்காது, இரும்பைத்தான் தின்னும். பளிச்சென்று தெரிவது அடுத்த தோல். இறுக்கிப் பதப்படுத்திய இரும்பில் ஆசிட் பட்டால் உள்ளுக்குள்ளேயே நொறுங்கும் தன்மை வந்துவிடும். செயின் ஒரு நாள் மேம்பாலத்தில் ஏறும்போது அறும். தின்னர் பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைக்கும். வாட்டர் சர்வீஸ் கடைகளில் வண்டிக்கு அடியில் பீய்ச்சும் டீசல் வேலை செய்கிறது, சட்டென்று பற்றாது, ஆனால் போகாது. ஒரு மெல்லிய பிசுக்கு தங்கி, மறுநாளே டி.எச். ரோட்டுத் தூசி மொத்தத்தையும் வா வா என்று கூப்பிட்டு ஒட்டவைத்துக்கொள்ளும். வாடை ஒரு வாரம் என் பேன்ட்டில் இருந்தது. அம்மா கொடுத்த பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கி நுரை எடுத்தேன். பட்டுப்புடவைக்கு ஆகிவந்த நுரை அது, ஃப்ரேமுக்கும் சீட்டுக்கும் அருமை. செயினைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

கடைசியில் வேலைக்கு ஆனது பாத்திரம் தேய்க்கும் லிக்விட்தான், வெந்நீரில். அது எண்ணெயைக் கரைக்காது. ஒரு கையால் எண்ணெயையும் இன்னொரு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டு போகும். செயின் லாக்கைக் கழற்றி, வாய் அகன்ற பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் செயினைப் போட்டு, வெந்நீரும் இரண்டு மூன்று ஸ்பூன் லிக்விட்டும் ஊற்றி, மூடி குலுக்கவேண்டும். முதல் தண்ணீர் கடுங்காப்பி. இரண்டாவது டீ. மூன்றாவது தண்ணி டீ. அதோடு நிறுத்திக்கொள்ளலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த லிக்விட்டைக் கெட்டியாக்க உப்பு சேர்ப்பது வழக்கம். நல்ல தண்ணீரில் இரண்டு தடவையாவது அலசாவிட்டால் உப்பு உள்ளே தங்கும். நம் ஊர்க் காற்றில் வேறு உப்பு. எண்ணெய் போன இரும்பு, உரித்த வெங்காயம் மாதிரி. ஒரு தடவை சாயங்காலம் கழுவிவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று விட்டேன். காலையில் செயின் முழுக்க செம்மண் பூசியிருந்தது. ஒரே ராத்திரிதான். ஆகவே துணியால் துடைத்து, அரை மணி வெயிலில் போட்டு, சூடு இருக்கும்போதே ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிடவேண்டும். வெளியில் வழிவதைத் துடைத்துவிடவேண்டும், அது உள்ளே போகாது, தூசியைத்தான் பிடிக்கும்.

அந்த ஆரஞ்சு பாட்டில்? ஓட்டுகிற நண்பர் ஒருவரிடம் கொஞ்சம் வாங்கிப் பார்த்துவிட்டேன். நன்றாகவே எடுக்கிறது. ஜூஸ் பிழிந்த பிறகு மிஞ்சும் ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் லிமோனீன் அதில் முக்கியமான சரக்கு. நடை முழுக்கக் கொத்தவால்சாவடிச் சந்தை நினைவு வந்தது. ஆனால் பழத்திலிருந்து வந்தது என்பதால் பச்சைப்பிள்ளை என்று நினைக்கக்கூடாது. லிமோனீனும் 48 டிகிரி வாக்கில் பற்றும். பாட்டிலைத் திறந்து நாளானால் காற்றோடு சேர்ந்து, சிலருக்குக் கையில் தடிப்பு வரவைக்கும். ரப்பருக்கும் ஆகாது. 'இயற்கை' என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கையுறையைக் கழற்றுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

நைனாவிடம் ஒரு நாள் இந்தப் புராணத்தையெல்லாம் சொன்னேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டே கேட்டார். "இன்னா கண்ணு, செயின்ல மூஞ்சி பாக்கப் போறியா?" என்றார். "வெளிய இருக்குறத வேஸ்ட்ல துட, போதும். உள்ள ரோலர்ல இருக்குற ஆயிலையும் சேத்து உருவிட்டு, அப்பால கீச்சு கீச்சுன்னு கத்துதுன்னு எங்கிட்டயே எடுத்துக்கினு வரானுங்க." அன்றைக்கு அவர் ஒரு ஸ்கேலை எடுத்து என் செயினை அளந்து காட்டினார். இதைப் பல பேர் செய்வதில்லை. செயினின் ஒரு கண்ணி அரை அங்குலம். ஒரு ஊசியின் நடுவில் ஆரம்பித்து 24 கண்ணி எண்ணினால் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். தேயத் தேய அது நீளும். வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடிவிட்டால், நீங்கள் அதைப் பன்னீரில் கழுவினாலும் பிரயோசனமில்லை, மாற்றிவிடவேண்டியதுதான். மாற்றாமல் ஓட்டினால் பின்னால் இருக்கும் பல்சக்கரத்தையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும், அதன் விலை வேறு. நான் நாலைந்து மாதமாகக் கண்ணாடியாக்க முயன்றுகொண்டிருந்த செயின் எப்போதோ வீசத்தைத் தாண்டியிருந்தது.

தண்ணீர் போன வழி

கார்த்திகை முடிந்து எட்டாம் நாள் மிக்ஜாம் புயல். டிசம்பர் 3, 4. எங்கள் நடையில் முழங்கால் தண்ணீர். அது வடிந்த பிறகு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதக்கிறது என்று செய்தி வந்தது. மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வந்தது. சாலை திறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போனேன். படகுகளின் விலாவில் தண்ணீர் நின்ற மட்டத்துக்குக் கருப்புப் பட்டை. வலைகள் சுருட்டி ஓரமாகக் கிடந்தன. நான் விரலில் தேய்த்துப் பார்க்கும் அதே கருப்பு, ஆற்று அகலத்துக்கு. மீனவர்கள் பக்கெட்டாலும் மக்காலும் மொண்டுகொண்டிருந்தார்கள். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோதும் கடற்கரையில் பக்கெட்தான். கிட்டத்தட்ட ஏழு வருடத்தில் பக்கெட்டின் நிறம்தான் மாறியிருந்தது.

ஒரு ஆலையின் எண்ணெயையும் என் ஐஸ்கிரீம் டப்பாவையும் ஒரே தட்டில் வைக்கிற புத்திசாலித்தனம் எனக்கு இல்லை. 'தனிமனிதப் பொறுப்பு' என்று சொல்லிச் சொல்லியே பெரிய கைகள் கழன்றுகொள்வதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும், நான் ஜலதாரையில் கவிழ்த்தது எந்த வழியாகப் போயிருக்கும் என்று அன்றைக்குத் திரும்பி வரும்போது கேப்டன் காட்டன் கால்வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவும் பக்கிங்ஹாம் கால்வாயில்தான் சேர்கிறது.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது இந்த இடத்தில்தான் இடறியது. பாத்திர லிக்விட் எனக்கு சேஃப், எதிர்வீட்டு விளக்குக்கும் சேஃப். ஆனால் அது எண்ணெயைப் பொடிப்பொடியாக உடைத்துத் தண்ணீரோடு கலந்துவிடுகிறது. கலந்தது லேசில் பிரியாது. அந்தக் கடுங்காப்பியை வைத்து நான் என்ன செய்ய? கொட்டத்தான் முடியும். பாட்டிலில் 'மக்கும்' என்று போட்டிருப்பது சோப்புக்கு. அது தூக்கிக்கொண்டு போகும் கிரீஸும் இரும்புத்தூளும் மக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நைனாவின் கிருஷ்ணாயிலோ, பற்றும், நாறும், கையை வெடிக்கவைக்கும். ஆனால் பாட்டிலில் வைத்தால் தெளியும், மறுபடி உதவும், தெருவைத் தாண்டாது. கஞ்சத்தனம் என்று நான் நினைத்தது. அந்த 680 ரூபாய் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கு சேஃப் என்று எனக்குள் கேட்டது இதனால்தான். என் கைக்கா, அக்காவின் விளக்குக்கா, கால்வாய்க்கா? மூன்றுக்கும் சேர்த்து ஆம் என்று சொல்லும் திரவத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆகவே இப்போது முதலில் துணிதான். பழைய பனியனைக் கிழித்து, செயினைப் பின்பக்கம் சுற்றிக்கொண்டே, காய்ந்த துணியால் இறுகப் பிடித்துத் துடைக்கிறேன், வாரம் ஒரு தடவை, ஐந்து நிமிடம். அழுக்கில் முக்கால்வாசி பனியனுக்கே வந்துவிடுகிறது. அது துணியில் இருக்கும்வரை கால்வாயில் இல்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெந்நீர் லிக்விட், அதுவும் துடைத்த பிறகு என்பதால் முதல் தண்ணீரே டீ நிறத்தில்தான் வருகிறது. வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் முடிந்து, பெயின்ட் கடை டர்பன்டைன். பெயர்தான் டர்பன்டைன், பைன் மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிருஷ்ணாயிலின் பங்காளி, அதே மாதிரி பற்றும். அரை லிட்டர் வாங்கினால் நூறு ரூபாய்த் தாளில் மீதி வந்தது. கண்ணாடி பாட்டிலில் செயின் முழுகும் அளவு மட்டும் ஊற்றி, மாடியில், காலை ஏழு மணிக்கு, கையுறை போட்டுக்கொண்டு. முடிந்ததும் மூடி வைத்துத் தெளியவிட்டு மறுபடி அதே. அடியில் தங்கிய கசடு ஒரு சின்ன பாட்டிலில் சேர்ந்துகொண்டிருக்கிறது. பைக் மெக்கானிக் அண்ணன் தன் கடையின் பழைய இன்ஜின் ஆயில் டிரம்மில் ஊற்றிக்கொள்கிறேன் என்றார், அதை எடுத்துப்போக ஆள் வருவார்களாம். லிக்விட் தண்ணீரைத்தான் அவர் வாங்கமாட்டேன் என்கிறார். நியாயம்தான். அது இன்னும் ஜலதாரையில்தான் போகிறது.

2024 கார்த்திகை தீபம் டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. நான் ஆபீஸிலிருந்து வந்து சைக்கிளை நடையில் சாய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தாம்பாளத்தோடு வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

"தம்பி, இன்னிக்கு சைக்கிள் கழுவுனியா?"

"இல்லக்கா. துணியாலதான் தொடச்சேன். அதுவும் நேத்து."

நம்பவில்லை போலிருக்கிறது. தாம்பாளத்தைப் படிக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு உள்ளே வந்து, என் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து முகர்ந்து பார்த்தார்கள். ஜலதாரைப் பக்கமும் ஒரு தடவை. அப்புறம் போய் ஒரு அகலை எடுத்துவந்து சைக்கிளுக்கு ஒரு முழம் தள்ளி வைத்தார்கள்.